எங்கள் ஊருணியைச் சீரமைத்துத் தந்த சேவை: ஏழு மழைக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

இராமநாதபுரம் மாவட்டத்தின் முதுகுளத்தூர்ப் பக்கத்தில், ஏறக்குறைய 120 குடும்பங்கள் வாழும் எங்கள் ஊரில், 2018ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு தொண்டு நிறுவனம் குடிநீர் ஊருணியைத் தூர்வாரி, அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைத் திறந்து, கரையில் வடிகட்டிக் கிணறு ஒன்றையும் அமைத்துக் கொடுத்தது. செலவில் கால் பங்கை ஊர் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. இதே போன்ற உதவியைக் கேட்கலாமா என்று பக்கத்து ஊர்க்காரர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிப்பதால், பணிக்குழுவில் இருந்தவன் என்ற முறையிலும், இன்றும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் என்ற முறையிலும், கண்டதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். குறைகளையும் சொல்லப் போகிறேன், அவை இந்தத் துறையில் பலருக்கும் பொதுவானவை.

அந்தச் சேவை எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் அதன் தரத்தைச் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டிய 440 மில்லிமீட்டர் மழைக்குப் பதிலாக 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போட்டால் உவர்நீர்தான் ஏறும். அந்தக் கோடையில் மூன்று நாளைக்கு ஒரு முறை வந்த லாரியில் வீட்டுக்கு ஆறு குடம் கிடைத்தது. ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர். பேரிடர்க் காலங்களில் மனிதநேய உதவி அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் நெறிமுறை, குடிக்கவும் சமைக்கவும் உடல் சுத்தத்துக்குமாக ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்றும், தண்ணீர் எடுக்கும் இடம் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் பெண்கள் எட்டுக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள். வண்டிச் சக்கரம் மணலில் புதையும்போது முன்னால் ஒரு சிறுமி கயிற்றைப் பிடித்து இழுப்பாள். அவள் பள்ளிக்குப் போக வேண்டிய நேரம் அது.

நிறுவனத்தார் முதலில் வந்தது அந்த லாரித் தண்ணீர்க் காலத்தில், அரிசிப் பையோடு. அரிசி தீர்ந்ததும் போய்விடுவார்கள் என்று நினைத்தோம். ஆனால் அவர்கள் திரும்பி வந்து, அடுத்த வறட்சியில் லாரி வராமலே சமாளிக்க ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பதில் கண்முன்னே கிடந்தது. ஊருணி இருந்தது, முழங்கால் அளவு சேறும் சீமைக்கருவேலும் அதில் நிறைந்திருந்தன.

மண் வெட்டுவதற்கு முன் ஆறு மாதம் பேசினார்கள். அப்போது எங்களில் பலருக்கு எரிச்சலாக இருந்தது. இன்று இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், அந்த ஆறு மாதத்தைத்தான் சொல்வேன். அவர்கள் வைத்த முதல் நிபந்தனை, ஊரின் எல்லாத் தெருவும் ஒரே படித்துறையில் ஒரே வரிசையில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது. தெற்குத் தெருக்காரர்கள் தனியாக ஓர் ஓரத்தில் நின்று, மற்றவர்கள் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்கும் வழக்கம் எங்கள் ஊரில் தலைமுறைகளாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நான்கு கூட்டங்கள் கலைந்தன. ஐந்தாவது கூட்டத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. வறட்சியில் தெற்குத் தெருவுக்குத்தான் தண்ணீர் முதலில் கிடைக்காமல் போகும் என்பதை அறிந்து அவர்கள் அந்த நிபந்தனையை வைத்தார்கள். ஊருணி ஆழமாகியும் அந்தப் பழைய வழக்கம் மாறாமல் இருந்திருந்தால், இந்தப் பணிக்கு நான் எந்த மதிப்பும் தந்திருக்க மாட்டேன்.

தூர்வாரலின் தரத்தைப் பற்றி ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் போதும். எட்டு அடி தோண்டியதும், பொக்லைன் ஓட்டுநர் இன்னும் நான்கு அடி இறக்கினால் கொள்ளளவு கூடும் என்றார்; பொறியாளருக்கும் அந்த ஆசை இருந்தது. எங்கள் கண்மாயிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் குழிக்குள் இறங்கி, அடிமண்ணில் ஒரு பிடி அள்ளி நனைத்து உருட்டிக் காட்டினார். திரி போல நீண்டு, ஒடியாமல் வளைந்தது அந்தக் களிமண். "தம்பி, தண்ணிய நிறுத்துறது இந்த மண்ணுதான். இதைக் கொத்திட்டா மேல உள்ளது கீழ போயிரும், கீழ உள்ள உப்பு மேல வந்துரும்" என்றார். பொறியாளர் அன்று வேலையை நிறுத்தி, ஒரு மூலையில் சிறு குழி போட்டுப் பார்த்தார். களிப் படுகைக்குக் கீழே மணலும், அதில் கரிப்புத் தண்ணீரும் இருந்தன. அந்தக் குழியைக் களிமண்ணால் மிதித்து அடைத்துவிட்டு, ஆழப்படுத்துவதைக் கைவிட்டுப் பக்கவாட்டில் அகலப்படுத்தினார்கள். ஒப்பந்ததாரர் கையில் விட்டிருந்தால், ஆழத்துக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஊருணியை உப்புக் குட்டையாக்கிவிட்டுப் போயிருப்பார்.

அள்ளிய வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள விரும்பியவர்கள் டிராக்டர் நடைக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். ஊர் தர வேண்டிய கால் பங்கில் பெரும்பகுதி அதிலேயே சேர்ந்துவிட்டது. சீமைக்கருவேலை ஒட்டுமொத்தமாக அழிக்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். ஆனால் விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். வரத்துக்காலிலும் ஊருணி உள்வாயிலும் இருந்ததை மட்டும் வேரோடு பறித்து, அந்த விறகையும் அதே குடும்பங்களுக்கே கொடுத்தது சரியான முடிவு.

கணக்கும் நேர்மையாகச் சொன்னார்கள். ஊருணி நிரம்பினால் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர். 500 பேருக்கு 15 லிட்டர் வீதம் நாளைக்கு 7,500 லிட்டர். வெயிலுக்குப் பாதி போனாலும் எட்டரை மாதத்துக்கு மேல் தாங்கும், அதாவது மார்கழி முடிவில் நிறைந்தால் புரட்டாசி பாதி வரை. நடைமுறையில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஆவணி வரையும், மழை குறைந்த ஆண்டுகளில் வைகாசி வரையும் வந்திருக்கிறது. ஏழு பருவங்களில் ஒரே ஒரு முறைதான் லாரியைக் கூப்பிட்டோம், அதுவும் மூன்று வாரங்களுக்கு. தள்ளுவண்டிகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் நெல் மூட்டை ஏற்றுகிறோம்.

ஊருணியோடு சேர்த்து இரண்டு சிறு உதவிகளும் கிடைத்தன. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட, வறட்சியைத் தாங்கும் அண்ணா 4 நெல் விதையை, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்குக் கொடுத்தார்கள். நூறு நாளை ஒட்டிய வயது என்பதால், மழை முன்கூட்டியே நின்றுபோகும் எங்கள் மண்ணுக்கு அது பொருந்தியது. பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் என்றாலும், எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்கி, கடைசி நாளுக்குள் பதிவு செய்வது தனித்தனியாக நிற்பவர்களுக்கு முடியாத காரியம். நிறுவனத்தின் களப்பணியாளர் கிராம நிர்வாக அலுவலரை ஊருக்கே அழைத்து வந்து ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். ஆனால் வறட்சிக்கான இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கிடைப்பதில்லை, கிராமத்து விளைச்சலின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. பின்னால் அதனால் மனக்கசப்பு உண்டானது.

இனிக் குறைகள். வடிகட்டிக் கிணற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கடுக்காக நிரப்பிய அமைப்பு முதல் ஆண்டு அருமையாக வேலை செய்தது. இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் வந்த கலங்கல் நீரில் அடைத்துக்கொண்டது. எப்படிக் கழுவுவது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மணலை மாற்றுவது என்று யாருக்கும் கற்றுத் தரவில்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தோம். திட்டக் காலம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் வந்தது. 18 மாதத் திட்டம் அது. வறட்சியோ எந்தத் திட்டத்தின் நாள்காட்டியையும் பார்த்து வருவதில்லை. கடைசியில் ஊரிலுள்ள கொத்தனார் ஒருவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, அடுக்கின் வரிசையைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தார். அந்தச் சுவரெழுத்தே இன்றுவரை எங்களுக்குக் கையேடு.

பணிக்குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்று ஏட்டில் இருந்தது. கூட்டங்களோ காலை பத்து மணிக்கு நடந்தன. அப்போது அவர்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். விளைவாக, குடம் சுமக்கிறவர்களைக் கேட்காமலே படித்துறையின் படிகளை முக்கால் அடி உயரத்தில் கட்டிவிட்டார்கள். இடுப்பில் நிறைகுடத்தோடு ஏறும் வயதான பெண்கள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனம் வலிக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு கூட்டம் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

பெருமழையையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வறட்சிக்கு என்று திட்டமிட்டவர்கள், இப்போது பருவமழை பல வாரங்களில் பெய்ய வேண்டியதைச் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போவதை மறந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதில் ஒரு பங்கு எங்களுக்கு வந்திருந்தாலும், உபரி நீர் வெளியேறும் சிறிய போக்கு மடையைத் தாண்டி ஊருணிக் கரை உடைந்திருக்கும். அதன்பின் ஊர்ப் பணத்தில் போக்கை அகலப்படுத்தினோம்.

என் மதிப்பீட்டைக் கேட்டால், வேலையின் தரத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். வேலை முடிந்த பிறகான தொடர்புக்குக் கால் பங்கும் தர மாட்டேன். எங்கள் பகுதியில் தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து வளர்த்த வயலகங்கள் இதற்கு நேர்மாறான வழியில் செல்கின்றன: விவசாயிகளின் சங்கமும் அதன் கூட்டமைப்பும் வேலை முடிந்த பிறகும் ஊரிலேயே நிலைத்திருக்கின்றன. எங்களுக்கு உதவியவர்களும் அப்படி எதையாவது விட்டுச் சென்றிருக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு இப்படி ஒரு நிறுவனம் வந்தால் தயங்காமல் அழையுங்கள். ஆனால் கையெழுத்திடுவதற்கு முன், மூன்றாம் ஆண்டில் வடிகட்டி அடைத்தால் யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்; பராமரிப்புக்கென ஒரு தொகையை ஊர்ப் பெயரில் வங்கியில் போடச் சொல்லுங்கள். நாங்கள் தாமதமாகத்தான் விழித்தோம். இப்போது வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் பிரிக்கிறோம், கணக்குப் புத்தகம் தெற்குத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் இருக்கிறது, புரட்டாசி முதல் ஞாயிறு வரத்துக்கால் வெட்டும் நாள். படிகளின் உயரத்தைக் குறைக்கத்தான் இன்னும் பணம் சேரவில்லை.