பல்கலைக்கழக மெயிலைத் தண்டர்பேர்டில் வைத்திருந்த நான்கு ஆண்டுகள்

2021 கடைசியில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தபோது பல்கலைக்கழகம் ஒரு மெயில் முகவரி கொடுத்தது. கூகுள் வழியாக ஓடும் கணக்கு. முதல் சில மாதங்கள் எல்லோரையும் போல நானும் பிரவுசரில்தான் பார்த்தேன். சொந்த ஜிமெயிலும் அதே பிரவுசரில் திறந்திருக்கும். துறையிலிருந்து படிவம் ஒன்று வரும், அழுத்தினால் சொந்தக் கணக்கில் போய் நின்று "அனுமதி இல்லை" என்று சொல்லும். ஒருமுறை கட்டுரையின் திருத்தப் பிரதியையே சொந்த முகவரியிலிருந்து அனுப்பிவிட்டு, மறுநாள் ஆய்விதழுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு அப்புறம்தான் பல்கலைக்கழக மெயிலுக்கென்று தனி மென்பொருள் வேண்டும் என்று முடிவுசெய்து தண்டர்பேர்டை நிறுவினேன். இலவசம், திறமூலம், விண்டோஸிலும் உபுண்டு லினக்ஸிலும் ஓடும். என் லேப்டாப்பில் இரண்டுமே இருந்ததால் வேறு யோசனையே வரவில்லை.

அமைக்கும்போது ஒரு முழு மாலை போனது. பெயர், முகவரி, பாஸ்வேர்டு கொடுத்ததும் சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. ஆனால் பாஸ்வேர்டு கேட்கும் சின்னப் பெட்டி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. சரியான பாஸ்வேர்டைத்தான் அடித்தேன், ஐந்தாறு முறை. துறையில் கொடுத்த பழைய குறிப்பைப் பார்த்து "சாதாரண பாஸ்வேர்டு" என்ற முறையை நானே தேர்ந்தெடுத்திருந்தேன், சிக்கல் அங்கேதான். அதை ஓஆத்2 (OAuth2, பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுக்காமல் கூகுளின் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி தரும் முறை) என்று மாற்றியதும் கூகுளின் நுழைவுப் பக்கம் தண்டர்பேர்டுக்குள்ளேயே திறந்தது, உள்ளே போனேன், முடிந்தது. அந்தப் பக்கம் திறக்காமல் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டு அமைப்புகளில் குக்கீகளை (இணையப் பக்கங்கள் நம் கணினியில் வைக்கும் சிறு தகவல் கோப்புகளை) ஏற்கும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மெயில் மென்பொருளுக்குக் குக்கீ எதற்கு என்று அணைத்து வைப்பவர்கள் அதிகம், நுழைவு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு பக்கத்திலும் ஓஆத்2-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், மெயில் வரும் பக்கம், அனுப்பும் பக்கம் இரண்டிலும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை" என்று என்னிடம் வந்த ஜூனியர்கள் பலர். கூகுள் கணக்கென்றால் வரும் சர்வர் imap.gmail.com, போர்ட் 993. அனுப்ப smtp.gmail.com, போர்ட் 465 அல்லது 587. உங்கள் பல்கலைக்கழகம் மைக்ரோசாஃப்டில் இருந்தால் outlook.office365.com, smtp.office365.com. அங்கே 2022 அக்டோபரிலிருந்தே வெறும் பாஸ்வேர்டால் மெயிலை எடுக்கும் வழியை மூடத் தொடங்கிவிட்டார்கள், அதற்கு முந்தைய குறிப்பு எதையும் நம்ப வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால் நிர்வாகி ஐமேப்பையோ (IMAP, மெயிலை சர்வரிலேயே வைத்து நம் கணினியிலும் காட்டும் முறை) வெளி மென்பொருட்களையோ தடுத்திருக்கலாம். அது நம் கையில் இல்லை, கணினி மையத்துக்குத்தான் போக வேண்டும்.

மெயிலை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறையான பாப் (POP) நல்லதா, ஐமேப் நல்லதா என்று கேட்டால் ஐமேப் என்றுதான் சொல்வேன். பாப்பில் பொதுவாக இன்பாக்ஸ் மட்டும்தான் இறங்கும், நாம் அனுப்பியவை வராது. ஆராய்ச்சி மாணவருக்குத் தான் எழுதி அனுப்பியதும் முக்கியம். சினாப்சிஸை (ஆய்வேட்டின் சுருக்கத்தை) எந்தத் தேதியில் அனுப்பினோம், கமிட்டிக் கூட்டத்துக்கு யாரை அழைத்தோம் என்பதற்கெல்லாம் அனுப்பிய மெயில்கள் இருக்கும் ஃபோல்டர்தான் சாட்சி.

கூகுள் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஜிமெயிலின் ஒவ்வொரு லேபிளும் இங்கே ஒரு ஃபோல்டராகத் தெரியும், "ஆல் மெயில்" என்ற ஃபோல்டரில் எல்லாமே இன்னொரு முறை இருக்கும். தண்டர்பேர்டில் எந்த ஃபோல்டர்கள் தெரிய வேண்டும் என்று குறிக்கும் சந்தாப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டேன், டிஸ்க் இடம் நன்றாகவே மிச்சமானது.

தினசரிப் பயன்பாட்டில் எனக்குப் பிடித்தது இணையம் இல்லாமலும் படிக்க முடிவதுதான். ஊருக்குப் போகும் ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும், கைடு அனுப்பிய குறிப்புகளைப் படித்துப் பதில் எழுதி வைத்துவிடுவேன், வீட்டுக்குப் போய் இணைந்ததும் போய்விடும். 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் தண்டர்பேர்டு வந்தது, கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு மெயில் செயலியை அடிப்படையாக வைத்து. லேப்டாப் திரையில் வரும் கியூஆர் கோடைப் போனில் காட்டினால் கணக்கு விவரம் அப்படியே ஏறிவிடுகிறது.

இனி சொல்லப்போவதைத்தான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். வைவா (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடிந்ததும் லேபில் இருந்த சீனியர் அண்ணன், "கணக்கை மூடிடுவாங்கம்மா, இப்பவே எடுத்து வெச்சுக்கோ" என்றார். எல்லாம் என் லேப்டாப்பில்தானே இருக்கிறது என்று சொன்னேன். இல்லை என்று உட்கார்ந்து காட்டினார். ஐமேப்பில் நம் கணினியில் இருப்பது சர்வரின் நிழல்தான், அங்கே அழிந்தால் அடுத்த இணைப்பில் இங்கேயும் அழியும். அதனால் ஒவ்வொரு ஃபோல்டரையும் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" பகுதிக்கு நகலெடுக்க வேண்டும். நகர்த்தக் கூடாது, நகல்தான். ஒரே மூச்சில் எடுக்காமல் ஆண்டுவாரியாகப் பிரித்து எடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் சர்வரில் இருக்கும் மெயில் எண்ணிக்கையையும் நகலில் இருக்கும் எண்ணிக்கையையும் ஒப்பிட்டேன். பிறகு ஆஃப்லைனுக்குப் போய், 2022-ல் வந்த ஒரு மெயிலின் இணைப்பைத் திறந்து பார்த்தேன். திறந்தது. கடைசியாகத் தண்டர்பேர்டு தன் மெயில்களையும் அமைப்புகளையும் சேமித்து வைக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன்.

இதில் வராதது ஒன்று இருக்கிறது. 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை ஜிமெயில் டிரைவ் இணைப்பாகத்தான் அனுப்பும். மெயிலை நகலெடுத்தாலும் உள்ளே இருப்பது வெறும் சுட்டி, கணக்கு போனால் அதுவும் செத்துவிடும். கைடு கைப்பட திருத்தி ஸ்கேன் செய்த மூன்றாம் அத்தியாயம் எனக்கு அப்படித்தான் வந்திருந்தது. "drive.google.com" என்று தேடி, வந்த ஒவ்வொரு மெயிலையும் திறந்து, கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். இரண்டு நாள் ஆனது. அடுத்த மாதமே கணக்கு மூடப்பட்டது.