பேரர், ஆர்டர், கோடிட்ட செக், டிடி: தொலைந்தால் நட்டம் யாருக்கு?

வீட்டைக் காலி செய்து வெளியூர் போன குடித்தனக்காரர், தன் முன்பணம் ஒன்றரை லட்சத்தைக் காசோலையாக அனுப்பச் சொன்னார். கூரியரில் போட்டேன். உறை பதினோரு நாள் எங்கே கிடந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எனக்குத் தூக்கம் கெடவில்லை. காசோலையின் இடது மூலையில் இழுத்த இரண்டு கோடுகளும், அவற்றுக்கு நடுவே எழுதிய ‘அக்கவுண்ட் பேயீ ஒன்லி’ என்ற சொற்களுமே காரணம்.

பேரர் காசோலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யார் கொண்டுபோய் நீட்டினாலும் பணம். அதில் அச்சிட்டிருக்கும் ‘அல்லது கொணர்பவருக்கு’ என்பதை அடித்துவிட்டால் அது ஆர்டர் காசோலை ஆகிவிடும். பத்திரமானது போலத் தோன்றும். ஆனால் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 85ஆம் பிரிவைப் பாருங்கள். பின்பக்க மேலெழுத்து, அதாவது காசோலையை இன்னொருவருக்கு மாற்றப் பெயருள்ளவர் போடும் கையெழுத்து, போலியாகவே இருக்கட்டும். பார்வைக்கு ஒழுங்காக இருந்து, வங்கியும் நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவின்றிப் பணம் கொடுத்திருந்தால் அதன் பொறுப்பு தீர்ந்துவிடும். நட்டம் வங்கிக்கு அல்ல. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது, நட்டம் யாருக்கு என்ற இந்த ஒரு கேள்விதான்.

வெறும் கோடு போட்டால் கவுன்டரில் ரொக்கம் கிடைக்காது, கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் யாருடைய கணக்கு? அதைக் கோடு சொல்வதில்லை. ‘அக்கவுண்ட் பேயீ’ சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொற்கள் அந்தச் சட்டத்தில் இல்லை, வங்கி வழக்கத்தில் வந்தவை. இருந்தும், பெயருள்ளவர் கணக்கைத் தவிர வேறு கணக்கில் வரவு வைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்களுக்கு 50,000 ரூபாய் வரை மட்டும் ஒரு விலக்கு உண்டு. மீறி வரவு வைத்த வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

மையை அழித்துப் பெயரையே மாற்றினால்? அதைக் கோடு தடுக்காது. அதற்குத்தான் 2021 ஜனவரியில் வந்த பாசிட்டிவ் பே என்ற சரிபார்ப்பு முறை. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு எண், தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடலாம். நான் தெரிவித்திருந்தேன். பெயருக்குப் பின்னால் மிஞ்சிய இடத்திலும் ஒரு கோடு இழுத்திருந்தேன். அது என் அப்பாவின் பழக்கம்.

டிடி, அதாவது வங்கி வரைவோலை, பெறுபவருக்குப் பொன். பணமில்லை என்று திரும்பாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கியே ‘அக்கவுண்ட் பேயீ’ கோடிட்டுத் தர வேண்டும். அனுப்புபவருக்கு அப்படியல்ல. பணம் முதலிலேயே கணக்கைவிட்டுப் போய்விடும். தொலைந்தால், வங்கிக்கு நட்டம் வந்தால் ஈடுசெய்வேன் என்று ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து நகல் கேட்க வேண்டும். நான் எடுத்தது மூன்று நான்கு டிடிதான், ஒன்றும் தொலைந்ததில்லை. அந்த அலைச்சல் எவ்வளவு என்று அனுபவித்துச் சொல்ல முடியாது. காசோலைக்கோ எட்டாம் நாள் ஒரே ஒரு நிறுத்த உத்தரவு போதுமாயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் உறை போய்ச் சேர்ந்தது, ஓரம் நனைந்து. அதைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டு வேறொன்று எழுதினேன். முதலில் கோடு, பிறகுதான் பெயர்.