நாலு யூரோ டிவிடியும் லியா லாட்ஸும்

எஸ்டோனியாவோட தலைநகரம் தாலின்ல ஒரு பழைய புத்தகக் கடையில நாலு யூரோவுக்கு வாங்குன டிவிடி இது. படம் பேரு 'சீன் மே ஓலெமெ', அதாவது 'இதோ வந்துட்டோம்'. 1978ல எஸ்டோனியன் டிவிக்காக எடுத்தது, டைரக்‌ஷன் சூலெவ் நொம்மிக், மூலக்கதை யூஹான் ஸ்மூல். நான் வாங்குனது அதுல நடிச்ச லியா லாட்ஸுக்காக மட்டும்தான்.

ஏன்னா இங்க வேலைக்கு சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு டயலாக் காதுல விழுந்துட்டே இருக்கு. காப்பிக்கு யார் காசு குடுக்குறதுன்னு பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் "மே ஓலெமெ தாலினஸ்த், மே மாக்ஸமெ"ன்னு சொல்வாங்க, உடனே எல்லாரும் சிரிப்பாங்க, நான் மட்டும் திருதிருன்னு முழிப்பேன். "நாங்க தாலின்லேர்ந்து வர்றோம், காசு குடுத்துருவோம்"னு அர்த்தம், அவ்ளோதான். இதுல என்னடா சிரிப்புன்னு கேட்டா படத்தைப் பாருன்னுட்டாங்க.

பார்த்தா புரிஞ்சிடுச்சு. கிராமத்துல ஒரு பண்ணை வீடு, கூப்பிடாமயே ஒரு கும்பல் லீவைக் கழிக்க வந்து எறங்குது, அதுக்கு தலைவி நம்ம லியா லாட்ஸ். கேரக்டர் பேரே கொஹ்விவெஸ்கி, காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின்! வாய் நிக்கவே நிக்காது. வீட்டுக்காரங்களுக்கு இவங்கள தங்க வைக்க இஷ்டமே இல்லன்னு மூஞ்சியிலயே தெரியுது, அந்தம்மா காசு குடுத்துருவோம்னு சொன்னதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்குது. தலைநகரத்துக்காரங்களோட மெதப்பு அந்த ஒரே வரியில வந்து நின்னுடுது, அதுவும் சோவியத் காலத்துல, ரூபிள் காச வச்சுக்கிட்டு!

எனக்கு கெடச்ச டிஸ்க்ல சப்டைட்டில் கெடையாது, நடுவுல ஒரு எடத்துல கீறல் வேற, படம் அப்பிடியே நின்னு நின்னு போகுது. கடையில செக் பண்ணித்தான் குடுத்தோம்னு சாதிச்சாங்க, சரி நாலு யூரோவுக்கு சண்டை எதுக்குன்னு விட்டுட்டேன். என் எஸ்டோனியன் மளிகைக்கடையில பை வேணுமான்னு கேட்டா பதில் சொல்ற அளவுதான், அதனால பாதி ஜோக் எனக்கு போயே போச்சு. ஆனா லியா லாட்ஸ் வர்ற சீன்ல அது பெருசா தெரியல. அந்தம்மா கொஞ்சம்கூட ஜோக் அடிக்கிற மாதிரி நடிக்கல, தான் செய்யறதுதான் நியாயம்னு முழுசா நம்பிட்டு பேசுறாங்க, சிரிப்பு அங்கதான். சுத்தி இருக்கவங்க மூஞ்சி தொங்கறது அவங்க கண்ணுக்கு படவே மாட்டேங்குது. ஜான்ங்கிற கேரக்டர்ல வர்ற எர்வின் ஆபெலும் பெரிய காமெடியன்தான், ஆனா எனக்கு கண்ணு இந்தம்மா மேலயே.

1926ல பொறந்தவங்க, நாடக நடிகை, படம் எடுக்கும்போது வயசு அம்பதத் தாண்டியாச்சு. அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 1968ல, இதே நொம்மிக் எடுத்த 'மெஹெத் எய் நுத்தா'லயும் இருக்காங்க, தூக்கம் வராத ஆளுங்கள ஏமாத்தி தீவுக்கு கொண்டுபோய் விடுற கதை. 2004ல காலமாயிட்டாங்க, ஆனா அந்த வரிய நான் கேக்குறது இருபது வயசு பசங்க வாயிலேர்ந்து.

டிஸ்க்குக்கு ரெண்டு ஸ்டார், அந்தம்மாவுக்கு அஞ்சு. வாங்குறவங்க கடையிலயே பின்பக்கத்த வெளிச்சத்துல காட்டி கீறல் இருக்கான்னு பாத்துக்கோங்க, முடிஞ்சா எஸ்டோனியன் தெரிஞ்ச ஃப்ரெண்டு ஒருத்தர பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. போன வாரம் ஆபீஸ்ல காப்பிக்கு நான்தான் காசு குடுத்தேன், அந்த வரிய நானும் சொல்லிப் பாத்தேன், என் உச்சரிப்புக்குத்தான் ஜாஸ்தி சிரிச்சாங்க.