கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க: டின்னா, அட்டைப் பெட்டியா, ஜாரா, ஓலைப் பெட்டியா?

டிசம்பர் என்றால் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மழைக்காலம். அப்போது வீட்டில் சுட்ட பண்டத்துக்கு எதிரி காற்றில் இருக்கும் ஈரம்தான். எனவே எந்தப் பெட்டி அழகு என்று பார்ப்பதற்கு முன், உள்ளே போகும் பண்டம் ஈரம் ஏறினால் கெடுமா, ஈரம் போனால் கெடுமா என்று பார்க்க வேண்டும். பட்டர் பிஸ்கட்டும் தூத்துக்குடி மக்ரூனும் முதல் ரகம், பிளம் கேக் இரண்டாவது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் கேக்கின் ஈரத்தை பிஸ்கட் இழுத்துக்கொள்ளும். கேக் ஓரம் வறண்டுபோகும், பிஸ்கட் நமத்துவிடும். இரண்டும் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தனித்தனியாகக் கட்டி, வெளியே மட்டும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

பிஸ்கட்டுக்கு என் ஓட்டு தகர டின்னுக்கு. நசுங்காது, வெளிச்சம் படாது. ஆனால் மூடியைச் சும்மா அழுத்தி மூடும் டின்னில் காற்று புகும். அதனால் மூடி சேரும் விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று செலோ டேப் ஒட்டி, அதை மறைத்து ரிப்பன் கட்ட வேண்டும். கழுவிய டின்னின் மடிப்பில் தண்ணீர் தங்கினால் துரு பிடிக்கும். அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் காய்ந்துவிடும். அடியில் பட்டர் பேப்பர் போட்டு, பிஸ்கட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வரிசையாக அடுக்குங்கள். படுக்க வைத்து அடுக்கினால் மேலே உள்ள எடையெல்லாம் அடி பிஸ்கட்டில் இறங்கும். மேலே மிஞ்சும் இடத்தில் கசக்கிய பட்டர் பேப்பர். மூடி, மெதுவாகக் குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. ஸ்டேஷனரி கடையில் பட்டர் பேப்பர் என்ற பெயரில் கிடைப்பது படம் வரையும் தாள், அது வேண்டாம். அச்சடித்த செய்தித்தாளும் கூடாது. மை பண்டத்தில் இறங்கும் என்பதால், உணவு கட்ட அதைப் பயன்படுத்துவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பேக்கேஜிங் விதிகளே தடுக்கின்றன.

அட்டைப் பெட்டி விலை மலிவு, மடித்து வைக்கலாம், எழுதலாம், ஒட்டலாம். ஆனால் அட்டை ஈரத்தையும் வெண்ணெயையும் குடிக்கும். பிஸ்கட்டை நேரடியாக வைத்தால் மறுநாளே எண்ணெய்க் கறை தெரியும். கேக்குக்கு இது பொருந்தும், ஆனால் ஜன்னல் வைத்த பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு: வெளியே தெரிய வேண்டுமென்றால் கேக்கைச் சுற்றக் கூடாது, சுற்றாவிட்டால் காயும். ஒளி புகும் பி.ஓ.பி.பி. பிளாஸ்டிக் தாளில் கேக்கை இறுக்கிச் சுற்றி, நடுவில் மூன்று அங்குல அகலத்தில் வண்ணத்தாள் பட்டை ஒட்டினால் இரண்டும் நடக்கும். ஜன்னல் இல்லாத பெட்டி என்றால் முதலில் பட்டர் பேப்பர், அதன் மேல் அலுமினிய ஃபாயில். பழத்தின் புளிப்பு ஃபாயிலை அரித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும், அதனால் ஃபாயில் நேரடியாகக் கேக்கைத் தொடக் கூடாது. எதில் சுற்றினாலும் கேக் நடுவரை ஆற வேண்டும், இரவு முழுக்க விடுவது நல்லது. வெதுவெதுப்பாகக் கட்டினால் உள்ளே நீர் முத்துமுத்தாகக் கோத்து, அந்த இடத்தில்தான் பூஞ்சை முதலில் வரும். கேக்குக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றிலும் அரை அங்குலம் போதும். அதற்கு மேல் இடம் இருந்தால் கேக் நகர்ந்து மூலை உதிரும்.

மக்ரூனுக்கு ஜார்தான். முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அது, ஈரக் காற்று பட்ட கொஞ்ச நேரத்தில் பிசுபிசுக்கும். ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் உள்ள கண்ணாடி ஜார் நன்றாக மூடும், பார்க்கவும் அழகு. கூரியரில் அனுப்ப பெட் (PET) பிளாஸ்டிக் ஜார் போதும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மொறுமொறுப்பானதற்கு மட்டுமே. கேக்கோடு வைத்தால் அதன் ஈரத்தையும் உறிஞ்சும். வாங்குபவர் வீட்டில் குழந்தைகள் இருந்தால் எதிலும் இந்தப் பொட்டலம் வேண்டாம்.

கண்ணுக்கு இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது பனையோலைப் பெட்டி. மணப்பாடு போன்ற ஊர்களில் வண்ணமிட்டு முடைந்தது கிடைக்கும். ஆனால் அது காற்றைத் தடுக்காது. உள்ளே சீல் வைத்த பை இல்லாமல் எதையும் போடாதீர்கள். ஓலை நுனி பையைக் கிழிக்கும் என்பதால் உட்புறம் துணியோ தாளோ விரிக்க வேண்டும். மழையில் ஓலையே பூஞ்சை பிடிக்கும், எனவே கட்டுவதற்கு முன் ஒரு வெயில் காட்டிவிடுங்கள்.

ரிப்பன் கணக்கு எளிது: நீளம் இரு மடங்கு, அகலம் இரு மடங்கு, உயரம் நான்கு மடங்கு, வில் முடிச்சுக்கு இரண்டு அடி. 8×8×4 அங்குலப் பெட்டிக்கு ஆறு அடி ஆகும். சாட்டின் வழுக்கும், வரி வரியான குரோக்ரெய்ன் முடிச்சு நிற்கும். சாட்டின் நுனியைச் சாய்வாக வெட்டி மெழுகுவர்த்திச் சுடர் அருகே ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது.

சுட்ட தேதியையும், முட்டை, முந்திரி, ரம் இருப்பதையும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். ரம் சேர்த்த கேக்கா, திராட்சைச் சாற்றில் பழம் ஊறியதா என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்: சாற்றுக் கேக் வெளியில் அதிக நாள் தாங்காது, சீக்கிரம் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.