ஸ்பிரிங்கா, காயிலோவரா? சிங்கப்பூரில் காரைத் தாழ்த்தும் முன்

காரைத் தாழ்த்த ஆசைப்படும் தம்பிகள் முதலில் கேட்பது, "எவ்வளவு இறக்கலாம் அண்ணே?" என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "வீட்டில் இன்னொரு கார் இருக்கிறதா?" காரை வைத்திருக்கும் காலவரை உரிமமான சிஓஇ மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊர் இது. பெரும்பாலும் இருப்பது ஒரே கார்தான். செப்பாங் டிராக்குக்குப் போவதும் அதே சிவிக் டைப் ஆர், வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மாவை வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவதும் அதே டைப் ஆர். இரண்டுக்கும் தாங்குகிற சஸ்பென்ஷன் எது என்று பார்த்தால் தேர்வு கொஞ்சம் மாறும்.

முதல் வழி, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் கம்பெனி ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது. ஐபாக் ப்ரோ-கிட், எச் அண்ட் ஆர் போன்றவை பெரும்பாலான கார்களை 20 முதல் 35 மில்லிமீட்டர் வரை இறக்கும். சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும், கார் பார்க்கவும் நன்றாக நிற்கும். திருப்பத்தில் சாய்வதும் குறையும். சிக்கல் அப்சார்பரில்தான். அதை கம்பெனி தன் ஸ்பிரிங்கின் உயரத்துக்கும் விறைப்புக்கும் அளந்து செய்திருக்கிறது. காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால், அது அமுங்குவதற்கு இருந்த இடத்திலும் ஏறக்குறைய அதே 30 மில்லிமீட்டர் குறைந்துவிடும். வீவக கார்பார்க்கில் ஒரு ஹம்ப் ஏறினாலே, அமுங்கும் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற முட்டு அடிவாங்கும். அதோடு, விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி எழும்போது அந்தத் துள்ளலை அடக்கும் பலம் பழைய அப்சார்பருக்குப் போதாது. புது காரில் இது சில காலத்துக்குத் தெரியாது. நிறைய ஓடித் தேய்ந்த அப்சார்பரோடு போட்டால் முதல் வாரத்திலேயே தெரியும்.

பலர் கவனிக்காத ஒரு கணக்கும் இங்கே உண்டு. ஸ்பிரிங் விலை குறைவு என்பதால் கூலியும் குறைவு என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கும் அப்சார்பரும் கோத்திருக்கும் ஸ்ட்ரட்டைக் கழற்றாமல் முன் ஸ்பிரிங்கை மாற்ற முடியாது. கழற்றிய பிறகு கம்ப்ரெஸரில் அழுத்திப் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். காயிலோவரோ, அதாவது ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட், பெரும்பாலும் கோத்தபடியே பெட்டியில் வருகிறது. ஆகவே இப்போதைக்கு ஸ்பிரிங், அடுத்த வருடம் அப்சார்பர் என்று திட்டம் போட்டால் கூலியையும், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் காசையும் இரண்டு முறை கொடுப்பீர்கள்.

அதனால்தான் எனக்கு இரண்டாவது வழி அதிகம் பிடிக்கும்: குட்டை ஸ்பிரிங்கோடு அதற்கென்றே நீளம் குறைத்துச் செய்த அப்சார்பரையும் சேர்த்துப் போடுவது. பில்ஸ்டீன் பி8 அந்த வகை. அதையே ஐபாக் ஸ்பிரிங்கோடு ஒரே பெட்டியில் பி12 என்று விற்கிறார்கள். திருக எதுவும் இல்லை, உயரமும் மாறாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் காயிலோவர் வாங்கியவர்களில் எத்தனை பேர் முதல் மாதத்துக்குப் பிறகு இறுக்கத்தை மாற்றும் குமிழைத் தொடுகிறார்கள்? தெருவில் ஓடும் காருக்கு, தொழிற்சாலை பொருத்தம் பார்த்துக் கொடுத்த ஜோடி, ஆயிரம் வெள்ளிக்குக் கிடைக்கும் மலிவு காயிலோவரைவிட நன்றாக ஓடும் என்பது என் கட்சி.

சரி, காயிலோவருக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கேடபிள்யூ வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும் மாற்றலாம். வேரியன்ட் 2-இல் ஸ்பிரிங் விரியும்போது பிடிக்கும் பலத்தையும், வேரியன்ட் 3-இல் அமுங்கும்போது பிடிக்கும் பலத்தையும் தனித்தனியே மாற்றலாம். பில்ஸ்டீன் பி14-இல் உயரம் மட்டும்தான். டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட்டின் குமிழில் 16 க்ளிக் (படி), பிசி ரேசிங் பிஆர்-இல் 30 க்ளிக். க்ளிக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே குமிழ் உள்ள செட்டுகளில் அதைத் திருகினால் பெரும்பாலும் மாறுவது விரியும் பக்கத்துப் பலம்தான்.

இதைவிட முக்கியமான வேறுபாடு, உயரத்தை எங்கே மாற்றுகிறோம் என்பது. கேடபிள்யூ, பி14 போன்றவற்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டைத் திருகி இறக்குகிறோம். கார் இறங்க இறங்க அப்சார்பர் அமுங்கும் தூரமும் குறையும். டெய்ன், பிசி போன்றவற்றில் கீழ் பிராக்கெட் தனியாகத் திருகும், அந்தத் தூரம் அப்படியே இருக்கும். கேட்க இரண்டாவதுதான் சிறந்தது போலத் தோன்றும். ஆனால் தூரம் மிச்சமிருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம் என்று ஆகிவிடாது. டயர் ஃபெண்டரை உரசத் தொடங்கும், டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். இன்னொன்று, இந்த இரண்டாவது வகையில் தட்டை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே சொல்வார்கள். ஒரே சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படி மாறாது. காயிலோவர் எந்த இடத்திலிருந்து அமுங்கி விரியத் தொடங்குகிறது என்பதுதான் மாறும்.

எவ்வளவு இறக்கலாம் என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில், காரை இறக்கும்போது ரோல் சென்டர் (திருப்பத்தில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால், திருப்பத்தில் காரைச் சாய்க்கும் நெம்பு பலமும் கூடும். அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும், பிறகு விரைவுச்சாலையில் ஒவ்வொரு இணைப்புப் பட்டையும் முதுகில் தெரியும். குனிந்து, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். சக்கரத்தின் பக்கம் அது மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். பெரும்பாலான தெருக் கார்களில் 20, 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏர் சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்காதீர்கள், அது ஷோவுக்கு.

கம்பெனியே எலக்ட்ரானிக் அப்சார்பர் கொடுத்திருந்தால் கணக்கு தலைகீழ். எஃப்கே8, எஃப்எல்5 தலைமுறை டைப் ஆர், டிசிசி என்ற எலக்ட்ரானிக் அப்சார்பர் உள்ள கோல்ஃப் ஜிடிஐ எல்லாம் இந்த ரகம். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் கம்ஃபர்ட் மோடு, ஆர் மோடு எல்லாம் வேலை செய்யும். சாதாரண காயிலோவர் போட்டால் அந்த வசதி போய்விடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கத் தனி மாட்யூல் வேண்டும். வேலை நாளில் அலுவலகம் போய்வரும் டைப் ஆருக்கு மிதமான ஸ்பிரிங் போதும். ஜிஆர் யாரிஸ் மாதிரி சாதாரண அப்சார்பர் உள்ள காரை டிராக்குக்கு எடுத்துப் போகிறவருக்கு நல்ல காயிலோவர் காசுக்குத் தகும்.

எதை வாங்கினாலும் பொருத்தும்போது மூன்று விஷயத்தை விடாதீர்கள். ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது. ஹாயிஸ்ட்டில் அப்படித்தான் வேகமாக முடிப்பார்கள். அந்த நிலையில் இறுக்கினால் உள்ளே உள்ள ரப்பர் புஷ் முறுகியபடியே மாட்டிக்கொள்ளும். கீழே இறக்கியதும் கார் முழுதாக உட்காராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளுக்கு அடியில் ஜாக் கொடுத்து, கார் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிவிட்டு இறுக்கச் சொல்லுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் ஒர்க்‌ஷாப் என்றால் காக்கி புக்கிட்டில் அடுத்த கதவைத் தட்டலாம். உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளக்கவும், இல்லாவிட்டால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பும். அப்புறம் அலைன்மென்ட். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிக் கொஞ்சம் உட்காரும், அதனால் பொருத்திய அன்றைக்கு ஒருமுறை, அது உட்கார்ந்த பிறகு ஒருமுறை. சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாயும் கோணமான கேம்பரைவிட டயரை வேகமாகத் தின்பது, சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவான டோ. ஆகவே அலைன்மென்ட் தாளில் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

காயிலோவரைத் திருகிப் பழகுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நடுவிலிருந்து தொடங்கி, ஒரு சமயத்தில் முன் ஜோடியையோ பின் ஜோடியையோ மட்டும் இரண்டு க்ளிக் மாற்றி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். லிம் சூ காங் பக்கமோ பழைய சுவா சூ காங் சாலையோ இதற்கு நல்லது, வேகத்துக்காக அல்ல, மேடுபள்ளத்துக்காக. மேட்டைத் தாண்டியபின் கார் இரண்டாம் முறை ஆடினால் இறுக்கம் போதவில்லை. அடுத்தடுத்த மேடுகளில் கார் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போவது போல் இருந்தால் இறுக்கம் அதிகம், ஸ்பிரிங் விரிய நேரமில்லை.

கடைசியாக சிஓஇ. இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தால் நல்ல காயிலோவருக்குச் செலவு செய்யலாம், ஆனால் வருடத்துக்கு ஒருமுறையாவது திருகுமரையைக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், இந்த ஈரத்தில் காலர் இறுகிப்போனால் உயரம் மாற்றும் வசதிக்குக் கொடுத்த காசு வீண். மூன்று வருடமே இருக்கிறது, ஐந்து வருடம் நீட்டிக்கும் எண்ணமும் இல்லை என்றால் ஸ்பிரிங்கோடு நிறுத்துங்கள். எதற்கும் பழைய செட்டை விற்காமல் பாம் ஷெல்டரில் போட்டு வையுங்கள், விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார். மூன்று வயதைத் தாண்டிய கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டியது வருடாவருடமும் ஆய்வுக்குப் போக வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி வேண்டாதவை, அனுமதி வேண்டியவை, கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் செட் எதில் வருகிறது என்று ஒன்மோட்டாரிங் தளத்தில் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.