அறிவியல் கல்விக்கு நன்கொடை: கருவியா, உதவித்தொகையா, ஆசிரியரா?

பசித்தவருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து என்று கொடுத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரு பள்ளிக்கு நுண்ணோக்கி வாங்கித் தரப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், 'அது எதற்கு இப்போது?' என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பலன் தெரியப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், தெரியாமலே போனாலும் போகும். இருந்தும் கொடுக்கிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால்தான், எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதும் புரிகிறது. என் கட்சி இதுதான்: நன்கொடை எந்த வடிவில் போகிறது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளின் தேவை முடிவு செய்வதில்லை, கொடுப்பவரின் மனசு முடிவு செய்கிறது.

முதலில் காரணங்கள். எல்லாவற்றிலும் பழையது நன்றிக்கடன். 1812இல் லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு இளைஞனுக்கு, கடையின் வாடிக்கையாளரான வில்லியம் டான்ஸ், வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்க நுழைவுச்சீட்டு கொடுத்தார். அந்த இளைஞன் மைக்கேல் ஃபாரடே. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதே இடத்தில் 1825இல் இளையோருக்காகத் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பின்னாளில் ஃபாரடேயே 19 முறை நடத்தினார். அறிவியல் கல்விக்குக் கொடுக்கும் பலரிடம் பேச்சுக் கொடுத்தால், தங்களுக்கு வாய்த்த ஒரு வில்லியம் டான்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம், கொடுத்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது என்பது. இதைப் பொருளாதாரக் கோட்பாடாகவே 1990 வாக்கில் எழுதினார் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி. வேலை நடந்தால் போதும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், வேறு யாராவது கொடுத்ததும் நாம் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. 'நான் கொடுத்தேன்' என்ற உணர்வுக்கும் ஒரு விலை இருக்கிறது. அப்புறம் பயம்: தடுப்பூசி பற்றிய வதந்தி, போலி மருத்துவம் இவற்றையெல்லாம் பார்த்து, அடுத்த தலைமுறையாவது ஆதாரம் கேட்கட்டும் என்று கொடுப்பவர்கள். நாளைக்குப் பொறியாளர்கள் வேண்டுமே என்று கணக்குப் போடும் நிறுவனங்கள். இறந்துபோனவரின் நினைவாகக் கொடுக்கும் குடும்பங்கள்.

எந்தப் பட்டியலிலும் அடங்காதவர் ஜேம்ஸ் ஸ்மித்சன். ஆங்கிலேயர், வேதியியலும் கனிமவியலும் படித்தவர், அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. 1829இல் இறந்தார். வாரிசாக இருந்த சகோதரர் மகனும் பிள்ளையில்லாமல் போய்ச்சேர, உயிலின்படி 5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சொத்து, அறிவைப் பெருக்கவும் பரப்பவும் அமெரிக்காவுக்குப் போனது. 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் பிறந்தது, இன்று அருங்காட்சியகங்களும் ஆய்வு மையங்களும் நடத்துவது. ஏன் அமெரிக்கா என்று மனிதர் ஒரு வரி எழுதிவைக்கவில்லை!

சரி, இப்போது பணம் போகும் இடங்களுக்கு வருவோம்.

கருவி

கொடுப்பவர்களுக்கு மிகப் பிடித்தது இதுதான். எண்ணிக் காட்டலாம், படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். கொடுத்த திருப்தி அன்றைக்கே கிடைத்துவிடும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரு நுண்ணோக்கி பள்ளிக்கு வந்த உடனே இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதனால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை படரும். விளக்கு போனால் மாற்று விளக்குக்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். மாதிரியை வைக்கும் கண்ணாடித் தகடும் அதற்கு நிறமேற்றும் சாயமும் தீர்ந்தால் யார் வாங்குவது? நன்கொடையாளர் கருவிக்குத்தான் பணம் கொடுத்தார், சாயத்துக்கு இல்லை.

பொருளைக் கொடுத்தால் படிப்பு வந்துவிடுமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் மைக்கேல் க்ரெமரும் உடன் ஆய்வாளர்களும், குலுக்கல் முறையில் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள், மற்றவர்களின் சராசரி அசையவில்லை. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பாடப் படங்கள் வரைந்த பெரிய தாள் அட்டைகளைக் கொடுத்த இன்னொரு சோதனையில் அந்தப் பலன்கூட இல்லை. பெருவில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை.

இதற்காகக் கருவியே வீண் என்று சொல்லிவிட முடியாது. கேட்டுக் கொடுப்பதற்கும் கேட்காமல் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000இல் தொடங்கிய டோனர்ஸ்சூஸ் அமைப்பில், வகுப்புக்கு என்ன வேண்டும் என்பதை ஆசிரியரே எழுதுகிறார், கொடுப்பவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். கேட்ட ஆசிரியரிடம் பொருள் போய்ச் சேர்வதால் அலமாரிக்குள் தூங்கும் வாய்ப்பு குறைவு. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் வேறொரு வழியில் போகிறது. காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி, 2014இல் அதன் விவரத்தை வெளியிட்டபோது உதிரிப்பாகங்களின் செலவு 1 டாலருக்கும் கீழ். இந்த விலையில் பிள்ளை அதை வீட்டுக்கே கொண்டுபோகலாம், உடைந்தாலும் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

ஆசிரியர்

1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில், பட்டதாரிகள், பேராசிரியர்கள் என 23 பேரைப் பிடித்து, கோடையும் குளிரும் ஏன் வருகின்றன போன்ற பள்ளிக்கூடக் கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் தடுமாறினார்கள். பூமி சூரியனுக்கு அருகே போனால் கோடை என்பது போன்ற விளக்கங்கள்! உண்மையில் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. இத்தனைக்கும் அது கருவிக்கோ புத்தகத்துக்கோ பஞ்சமுள்ள இடமில்லை. சின்ன வயதில் மனசில் பதிந்த தவறான படத்தை எவரும் கிளறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிளறிப் பார்ப்பது எப்படி இருக்கும்? ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி. எரியவைக்கச் சொல்லுங்கள். பலர் கம்பியின் ஒரு முனையை மின்கலத்திலும் மறுமுனையைப் பல்பின் அடிப்புள்ளியிலும் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்குக் காத்திருப்பார்கள். எரியாது. மின்சாரம் குழாய்த் தண்ணீர்போல ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற எண்ணம் அங்கே வெளிப்படுகிறது. தேர்ந்த ஆசிரியர் உடனே விடை சொல்லமாட்டார், பல்பின் அடிப்பாகத்தை உற்றுப் பார்க்கச் சொல்வார். அடிப்புள்ளி ஒரு முனை, பக்கத்து உலோகச் சுற்று இன்னொரு முனை என்று கண்டுபிடிக்கிற பிள்ளைக்குச் சுற்று என்றால் என்ன என்பது அதற்கப்புறம் மறக்காது. இதில் கருவிச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரிந்த ஆசிரியரை உருவாக்கத்தான் செலவு.

இந்தச் செலவுக்கு முன்வருபவர் குறைவு. படத்தில் என்ன காட்டுவது? ஒரு அறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி பெற்றவர் இடம் மாறிப் போகலாம், வேலையையே விடலாம். இரண்டு நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், குழுப் புகைப்படம் என்று முடிகிற பயிற்சிகளும் ஏராளம், அவற்றுக்குக் கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன். வருடக்கணக்கில் கூடவே நிற்கிற திட்டங்கள் வேறு ரகம். கணித அறிஞரும் முதலீட்டாளருமான ஜிம் சைமன்ஸ் 2004இல் தொடங்கிய 'மேத் ஃபார் அமெரிக்கா' கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்து, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் குழுவாக வைத்திருக்கிறது. ஒரு ஆசிரியர் தன் பணிக்காலத்தில் எத்தனை வகுப்புகளைப் பார்ப்பார் என்று கூட்டிப் பாருங்கள், இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

உதவித்தொகை

முகம் தெரிந்தால் கை தாராளமாகும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் காட்டியபோது, லட்சக்கணக்கானோரின் பசியைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது கிடைத்ததைவிட அதிகப் பணம் வந்தது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால் சிறுமிக்குக் கிடைத்ததும் குறைந்தது. உதவித்தொகையின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். நுழைவுத் தேர்வு வரை ஏறிவந்த பிள்ளையைத்தான் அது பார்க்கும், எட்டாம் வகுப்பிலேயே அறிவியலைக் கைவிட்ட பிள்ளையின் மனு உங்கள் மேசைக்கு வரவே வராது.

ஆனாலும் நன்றாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்து பால்டிமோர் கவுன்ட்டி பல்கலைக்கழகத்தின் மேயர்ஹாஃப் திட்டத்தைச் சொல்லலாம். ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியின் கொடையில் 1988இல் தொடங்கியது. அறிவியலில் அரிதாகவே இடம் கிடைத்த கறுப்பின மாணவர்களை முனைவர் பட்டம் வரை கொண்டுபோவது நோக்கம். பணத்தோடு நிற்கவில்லை: கல்லூரி தொடங்குமுன் கோடை வகுப்பு, சேர்ந்து படிக்கும் குழு, ஆய்வகத்தில் வழிகாட்டி. பின்னாளில் மாடர்னாவின் கோவிட் தடுப்பூசிக்கான ஆராய்ச்சியில் முன்னணியில் இருந்த கிஸ்மேகியா கார்பெட் அங்கே படித்தவர். கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் உதவித்தொகையை இதோடு ஒப்பிடக் கூடாது.

இணையமும் அருங்காட்சியகமும்

தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் இணையப் பாடங்களை எதுவும் நெருங்க முடியாது. 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன், பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் போட்டு 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின், கணினித் திரையில் செய்துபார்க்கும் பரிசோதனைகளை உலகெங்கும் இலவசமாகப் பயன்படுத்துகிறார்கள். கல்வியாளர் சல்மான் கான் (நடிகர் அல்ல) தொடங்கிய, இணையத்தில் இலவசப் பாடம் தரும் கான் அகாடமியும் நன்கொடையில்தான் நடக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் எதற்கு என்று நினைப்பதால், பயன்படுத்துபவர்களில் கொடுப்பவர்கள் கொஞ்சம்தான். சாதனமும் இணைப்பும் இல்லாத பிள்ளைக்கு இது எட்டாது என்பது தனிக் கவலை.

ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் போன்ற, தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகங்களுக்குக் கொடுப்பது ஆசையைத் தூண்டும். ஆனால் அவை இருப்பது நகரத்தில். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் பயன்.

எதற்குக் கொடுப்பது?

நன்றிக்கடன் தீர்க்க வேண்டும், ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் உதவித்தொகை, வழிகாட்டியோடு வருகிறதா என்று விசாரித்துக்கொண்டு. நினைவாக ஏதாவது செய்ய நினைப்பவர் கருவி வாங்கலாம், ஆனால் ஆசிரியர் எழுதிக் கேட்டதை மட்டும். கூடவே பழுதுக்கும் சாயத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். மூடநம்பிக்கையைக் கண்டு பயந்து கொடுப்பவர், பலனை அதிகப் பேருக்குப் பரப்ப நினைப்பவர் என்றால், நீண்டகால ஆசிரியர் பயிற்சிதான் என் தேர்வு. கையில் இருப்பது சின்னத் தொகை என்றால் இணையப் பாடம்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பயிற்சியில் பயிற்றுநரின் சம்பளமும் பயணமும்தானே திட்டமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஊரி க்னீஸியும் உடன் ஆய்வாளர்களும் 40,000 பேருக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார்கள், 2014இல் வெளியான ஆய்வு அது. நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் முழுக்கத் திட்டத்துக்கே போகும் என்று சொன்னதும் கொடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. செலவு என்னவோ அதே செலவுதான். பெரிய தொகை கொடுக்கக்கூடியவர்கள் இதை வேறு மாதிரிப் படிக்கலாம்: அந்த நிர்வாகச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால், மற்றவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள்.