வெள்ளரிக்குத் தரையா, வலையா, மாடியா?

காவிரி டெல்டாவின் வீட்டுக் கொல்லையில் வெள்ளரி காய்ந்து சாவதைவிட வேரழுகிச் சாவதுதான் வழக்கம். வண்டல் கலந்த களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. வெள்ளரியின் வேரோ மேல்மட்டத்திலேயே ஓடும், ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தரையில் படரவிடுவதா, வலையில் ஏற்றுவதா, மாடியில் பையில் வளர்ப்பதா, எந்த முறை நல்லது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எந்த மாதத்தில் விதைக்கிறோம் என்பதை.

இங்கே விதைப்புப் பட்டம் இரண்டு. தையின் பின்பாதியில் விதைத்தால் பங்குனி தொடங்கியதும் பிஞ்சு கிடைக்கும், கத்திரி வெயிலுக்கு முன் கொடி ஓய்ந்துவிடும். ஆனிக் கடைசியிலோ ஆடி முதல் வாரத்திலோ விதைத்தால் ஆவணி பிற்பாதியிலிருந்து புரட்டாசி வரை பறிக்கலாம். கொடியின் ஆயுள் 80 முதல் 90 நாள்தான். ஆவணிக் கடைசியில் விதைத்தால் காய்க்கிற நேரத்தில் ஐப்பசி மழை வந்து நிற்கும். அந்தச் சாகுபடியை எந்த முறையும் காப்பாற்றாது.

தரையில் படரவிடுவது தைப் பட்டத்துக்கு உரியது. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கைக்கு எட்டும் காலம் அது. அதை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காயாது, காய் மண்ணில் படாது. வைக்கோல் இல்லாத தரையில் காயின் அடிப்பக்கம் மஞ்சளாகும், ஈரம் பட்டால் அழுகும்.

பலரும் தவறுவது குழி விஷயத்தில். வெள்ளரி என்றால் குழி வெட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டு வெட்டிவிடுகிறார்கள். ஆற்றுப் படுகை மணலில் குழி சரி, தண்ணீர் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் அதே குழி கிண்ணமாகிவிடும். ஒரு மழை போதும், தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் வந்து செடி சாய்ந்துவிடும். ஆகவே தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். மேட்டுக்கு ஒரு கூடை, அதாவது ஏறக்குறைய 10 கிலோ மட்கிய தொழுவுரமும் 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கும் கலந்து, மேட்டுக்கு மேடு 5 அடி விடுங்கள். 5 விதை ஊன்றி இரண்டு நாற்றை மட்டும் நிறுத்தினால் போதும். விதையை அரை அங்குலத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். மூடுவதற்கும் களிமண் கூடாது, காய்ந்ததும் ஓடுகட்டி முளையை அமுக்கிவிடும். மணலோ மட்கிய எருவோ தூவுங்கள், 4, 5 நாளில் முளைத்துவிடும்.

செங்குத்து வலைக்கும் இதே மேடுதான் அடிப்படை. ஆனால் செடிக்குச் செடி ஒன்றரை அடி போதும், பாதி இடம்கூடத் தேவைப்படாது. புடலைக்குப் போடுவதுபோல் தலைக்கு மேல் தட்டைப் பந்தல் தேவையில்லை. மூன்று மாதக் கொடிக்கு அது வீண் செலவு. 8 அடிச் சவுக்குக் கம்பை 2 அடி மண்ணில் இறக்கி, 6 அடிக்கு ஒன்று நட்டு, மேலும் கீழும் கம்பி இழுத்து, கை நுழையும் அளவு கண்ணுள்ள நைலான் வலையைக் கட்டினால் ஆயிற்று. கீழிருந்து 5 கணு வரை வரும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். காய் நேராகத் தொங்கும், தேட வேண்டியதில்லை, இலைகளுக்கிடையே காற்று ஓடுவதால் அடிச்சாம்பல் நோயும் மெதுவாகவே பரவும். நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளி, இலையின் அடியில் சாம்பல் பூப்பு, இதுதான் அதன் அடையாளம். அந்த இலைகளை அன்றே எடுத்துவிட வேண்டும். நோய் கண்டதும் கந்தகத்தூளைத் தூவாதீர்கள், வெள்ளரி இலை கருகிவிடும்.

வலைக்கு ஒரு பகை உண்டு, ஆடிக் காற்று. வடக்கு தெற்காக வலை கட்டச் சொல்வார்கள், தைப் பட்டத்தில் அது சரிதான். ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று முழு வலையையும் பாய்மரமாக்கி, ஈரக் களிமண்ணில் கம்பைச் சாய்த்துவிடும். அப்போது கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். சூரியன் தலைக்கு நேரே இருக்கும் மாதங்கள் அவை, நிழலால் நட்டம் பெரிதில்லை.

மாடி கடைசித் தேர்வு. கொல்லை இருக்கிறவர்கள் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. இடமில்லாதவர்களுக்கு 15 அங்குலப் பை, பைக்கு ஒரு செடி. வயல் மண்ணை அள்ளிப் பையை நிரப்பினால் பத்தே நாளில் செங்கல்லாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி மட்கிய எருவும் கழுவிய தென்னை நார்க்கழிவும் சரிபாதி. கழுவாத நாரில் உப்பு இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கிற வீடுகளில் பையில் உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகும். நல்ல தண்ணீரை மாதம் ஒருமுறை அடியில் வழியும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பங்குனியில் பைக்கு நாளுக்கு 2, 3 லிட்டர், காலையும் மாலையும் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர் தவறினால் காய் கசக்கக்கூடும். வெயிலும் வறட்சியும் சேரும்போது செடி கசப்பைக் கூட்டிக்கொள்ளும்.

மாடியில் தேனீ வருவதும் குறைவு. காலை 9 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப்பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் மகரந்தமே தேவைப்படாத சாலட் வெள்ளரி விதையை வாங்கலாம். விலை அதிகம், ஆனால் மாடிக்குத் தகும். கொல்லையில் நாட்டு ரகங்களோடு சேர்த்து நட்டால் தேனீ மகரந்தம் கொண்டுவந்து காய் கோணிப்போகும், அங்கே நாட்டு வெள்ளரியே போதும். முதல் சில நாள் ஆண் பூவாகவே பூத்து உதிர்வதைப் பார்த்து உரம் கொட்டாதீர்கள், அது இயல்பு. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

பூச்சி மூன்று இடத்துக்கும் பொது. நாற்றுப் பருவத்தில் சிவப்பு வண்டு விதையிலையைத் தின்னும், விடியற்காலையில் மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துவிடலாம். பழ ஈக்குப் பொறி வாங்கும்போது கவனம். ஈயை வாசனையால் இழுக்கப் பொறிக்குள் வைக்கும் மருந்து இரண்டு வகை. மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் இங்கே பயன்படாது, வெள்ளரியைத் துளைக்கும் ஈ கியூலூர் என்ற மற்றதற்குத்தான் வரும். துளை விழுந்த பிஞ்சைச் செடிக்கடியில் போட்டுவிடாமல் மூடிய பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

காய்க்கத் தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். வலையில் கண்ணுக்குத் தெரியும், தரையில் இலையடியில் ஒளிந்து ஒரு காய் பழுத்துவிட்டால் கொடி அடுத்த பிஞ்சுகளை உதிர்க்கத் தொடங்கிவிடும்.